சிவப்புக் கயிற்றுக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும்

1997ஆம் வருஷம் டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிஷம். ராத்திரி பெய்த மழை விட்டுவிட்டது. வேப்பமரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. மலையில் பாதிக்கு மேல் மேகம். செங்கம் சாலையிலிருந்து இருநூற்றுப் பத்து அடி உள்ளே தள்ளி இருந்த ஒரு தோட்டத்தில், அறுபது முடிந்து நாற்பத்து மூன்று நாள் ஆன நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒரு ஆங்கிலேயப் பெண்மணி என் இடுப்பில் வெள்ளைக் கயிறு கட்டினார். கயிறு ஒன்பது அடி. என்னை இரண்டு சுற்று சுற்றியும் இரண்டரை அடி மிச்சம் தொங்கியது.

அதற்கு முந்தின நாளே என் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

“அறுபதாம் கல்யாணம் வெச்சிக்கலாம்னு பசங்க கேட்டதுக்கு மழை, கூட்டம், செலவுன்னீங்க. இப்ப வெள்ளைக்காரம்மா கையால அர்ணாக்கயிறு கட்டிக்கப் போறீங்களா?” என்றாள்.

“அது அர்ணாக்கயிறு இல்ல. முதல் படி.”

“மொத்தம் எத்தினி படி?”

“மூணு.”

“மூணாவதுல இன்னா குடுப்பாங்க, பொடவையா?”

சர்வே துறையில் முப்பத்து நான்கு வருஷம் இரண்டு மாதம் வேலை பார்த்தவன் நான். அதில் ஒரே ஒரு பதவி உயர்வு. அதுவும் இருபத்தோராவது வருஷத்தில். என்னிடம் அளவுச் சங்கிலி பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் இரண்டு பேர் எனக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்து, என் வரைபடத்தில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார்கள். படி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஏறிப் பார்க்கத் தோன்றும். இதை அவளிடம் சொன்னால் அதற்கும் ஏதாவது சொல்வாள்.

அந்தக் குழுவுக்குள் நான் போனது பக்தியால் அல்ல, எல்லைக் கல்லால். அந்தப் பெண்மணி ஓய்வுபெற்ற மருத்துவச்சி. எண்பத்தொன்பதில் எங்கள் ஊருக்கு வந்தவர். ஒரு அரை ஏக்கர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வேலி விஷயத்தில் பக்கத்து நிலத்துக்காரர் தகராறு செய்ய, அளந்து சொல்ல ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். அளந்து முடித்தபோது தோட்டத்தின் நடுவில் வட்டமாகக் கல் பதித்து, நாலு பக்கமும் நாலு விளக்கு வைத்திருந்ததைப் பார்த்தேன். என்னவென்று கேட்டேன். நாலு திசை என்றார். என் பையில் திசைகாட்டி இருந்தது. வைத்துப் பார்த்தேன். அவர்கள் மூன்று வருஷமாக வடக்கு என்று வணங்கிக்கொண்டிருந்தது வடக்கே அல்ல, பதினோரு டிகிரி கிழக்கே தள்ளியிருந்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. “மூன்று வருஷமாக யாருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறோம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பக்கம் ஒரு பம்ப்செட்டு இருக்கிறது என்றேன். அன்றைக்கே கற்களைப் பெயர்த்துத் திரும்பப் பதித்தோம். எனக்கு மோரும் ரொட்டியும் கொடுத்தார்கள்.

தங்களைப் பேகன் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் நாட்டில் சர்ச்சுகள் வருவதற்கு முன்னால் சூரியனையும் நிலாவையும் மண்ணையும் மரத்தையும் கும்பிட்டார்களாம். விட்டுப்போன அந்த வழியை மறுபடி பிடித்துக்கொண்டவர்களாம். மொத்தம் நாலு பேர்: இந்தப் பெண்மணி, ஆறடி மூன்று அங்குலம் உயரமுள்ள ஒரு டச்சுக்காரர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வரும் பானை வனைகிற புருஷன் பெண்டாட்டி. நான் ஐந்தாவது. உள்ளூர்க்காரரில் முதலாவது.

“சூரியனக் கும்பிடறது, மரத்தச் சுத்தறது, வெளக்கு வெக்கறது. இதெல்லாம் எங்கம்மா தெனமும் செஞ்சதுதானே. இதுக்குப் பயிற்சி வேறயா?” என்றாள் என் மனைவி.

பயிற்சிதான் அங்கே எல்லாம். முதல் படிக்காரனுக்கு அவனவன் பொறுப்பு மட்டும். நேரத்துக்கு வர வேண்டும், வட்டத்தைப் பெருக்க வேண்டும், தன் நோட்டில் தன் கையால் பாடம் எழுத வேண்டும், தவறு செய்தால் தானே சொல்ல வேண்டும். இரண்டாம் படிக்காரனுக்கு இன்னொரு ஆளின் பொறுப்பு; ஒருவரைக் கூட்டிவந்து, பழக்கி, முதல் படிக்குத் தயார் செய்ய வேண்டும். மூன்றாம் படிக்கு எல்லோரின் பொறுப்பும். நிலத்துக்காரர், பக்கத்து வீடு, போலீஸ் ஸ்டேஷன் உட்பட. முதலுக்கு வெள்ளைக் கயிறு, இரண்டுக்குச் சிவப்பு, மூன்றுக்குக் கறுப்பு. ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஒரு வருஷமும் ஒரு நாளும். அதாவது முந்நூற்று அறுபத்தாறு நாள். காலண்டரில் விரலை வைத்துப் பார்த்தேன். 1998 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. வருஷத்திலேயே பகல் குறைந்த நாள். அவர்களுக்கு அது பெரிய நாள், நமக்குப் பொங்கல் மாதிரி.

அவர்களிடம் துடைப்பம் புனிதமான பொருள். வட்டத்தை அதனால் பெருக்கித்தான் எதையும் தொடங்குவார்கள். முதல் மாதம் நான் பெருக்கியதைப் பார்க்க என் மனைவி ஒரு நாள் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

“முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினேன். இந்த மனுஷன் குனிஞ்சு பெருக்கி இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுத் துடைப்பத்தை என் நாற்காலி மேல் சாத்தி வைத்தாள். “இதுவும் புனிதம்தான்” என்றாள்.

எனக்கும் அந்தப் பெண்மணிக்கும் ஒரே ஒரு வழக்கு இருந்தது. அவர்கள் நெருப்பைத் தெற்கில் வைத்தார்கள். அக்னி மூலை தென்கிழக்கு, எங்கள் கொத்தனாருக்குக் கூடத் தெரியும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “எங்கள் தீவில் குளிர் அதிகம். வெயில் தெற்கிலிருந்து வரும். அதனால் எங்கள் பாட்டிமார் நெருப்பை அங்கே வைத்தார்கள். உங்கள் ஊரில் சமையலறை எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன். இங்கே நான் சொல்வதைக் கேளுங்கள்” என்றார். கேட்டேன். ஆனால் நோட்டில் ஓரமாக எழுதி வைத்தேன்.

சிவப்புக் கயிற்றுக்கு எனக்கு ஒரு ஆள் வேண்டும். ஏழு பேரைக் கேட்டேன். ஓய்வுபெற்ற இரண்டு பேர் நடைப்பயிற்சி போதும் என்றார்கள். ஒருவர் இதில் மருந்து மாத்திரை ஏதாவது விற்கச் சொல்வார்களா என்று கேட்டார். மற்ற நாலு பேரும் அன்றிலிருந்து என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். எட்டாவதாகக் கேட்டது என் மச்சானை. என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஐந்து மாதம் மூத்தவர். கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை வியாபாரம்; எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். செவ்வாய்க்கிழமை தோறும் டவுனுக்கு வருவார்.

“எனக்கு இன்னா கெடைக்கும்?” என்றார்.

“முதல்ல மோரும் ரொட்டியும். அப்புறம் வெள்ளைக் கயிறு.”

“உனக்கு?”

“சிவப்புக் கயிறு.”

“ஆக, நான் மாடு, நீ தரகன்” என்றார். “செவ்வாக்கெழமன்னா சரி மாப்ள. எப்படியும் மண்டிக்கு வர்றேன். பஸ்சு நாலு மணிக்குத்தான்.”

அப்படித்தான் பிப்ரவரியில் தொடங்கியது. பன்னிரண்டு பாடம். நான் தமிழில் எழுதி, எண் போட்டு, அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். மச்சான் அந்தக் காகிதத்தில் மல்லாட்டை மடித்துக்கொண்டு வந்தார். எழுத மாட்டேன் என்றார். வட்டத்தில் தெளிக்கிற தண்ணீருக்கு உப்பு மூன்று சிட்டிகை என்றால், “ஒரு கை போடேன், கடலுக்கா கம்மியா போயிடும்?” என்றார். ஆனால் களத்தைப் பெருக்கிப் பழகிய கை. நான் இருபத்தேழு இழுப்பில் பெருக்குகிற வட்டத்தை அவர் பதினாறில் முடித்தார். ஒரு சருகு மிச்சமில்லை. பானை வனைகிறவர் அதை நின்று பார்த்தார்.

திசைப் பாடத்தில்தான் எனக்குத் தலைவலி வந்தது. திசைகாட்டியை அவர் கையில் கொடுத்து, முள் அடங்கும்வரை அசையாமல் நிற்கச் சொன்னேன்.

“எதுக்கு மாப்ள இது? அதோ மலை. மலையப் பாத்து நின்னா வடக்கு. முதுகாண்ட தெக்கு.”

“உச்சி சரியா வடக்குல இல்ல. இங்கேர்ந்து ஆறு டிகிரி மேற்கே தள்ளி இருக்குது.”

“அப்ப மலையத் தள்ளி வெக்கச் சொல்லு.”

அந்தப் பெண்மணிக்கு இந்தப் பதிலைத் தமிழிலிருந்து மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். மற்றபடி அவருக்குச் சந்தைத் தமிழ் வரும். மச்சானோடு நேராகவே பேசுவார். “நல்லா இருக்கீங்களா, மல்லாட்டை விலை எப்படி” என்று கேட்பார். என்னோடு மட்டும் ஆங்கிலத்தில், அதிகாரியோடு பேசுவது போல.

செப்டம்பரில் அவர் ஊர் திரும்பப் போவதாகச் சொன்னார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன; அங்கே மகள் வீட்டில் இருந்துகொண்டு அறுவை செய்துகொள்ள வேண்டும். டிசம்பர் 24 விமானம். அதற்குப் பிறகு டச்சுக்காரர் பொறுப்பு. எங்கள் நாள் 22. இரண்டு நாள் இடைவெளி. டச்சுக்காரரும் கயிறு கட்டலாம்தான், விதியில் இடமுண்டு. எனக்கு அந்தப் பெண்மணி கையால் வேண்டும். என் பதினோரு டிகிரியை ஒப்புக்கொண்டு கல்லைப் பெயர்த்த ஒரே மேலதிகாரி என் வாழ்க்கையில் அவர்தான்.

நவம்பர் கடைசியில் அவர் என்னைத் தனியாக உட்காரவைத்து, இரண்டாம் படிக்கான சோதனையைச் சொன்னார். பாடம் பன்னிரண்டும் முடிந்துவிட்டன. முதல் படி ஏறுகிறவர் அந்த நாளில் தானே யோசித்து ஒரு காணிக்கை கொண்டுவர வேண்டும். அதற்கு முந்தின அமாவாசையிலிருந்து அந்தக் காலை வரை, பழக்கியவர் அதில் தலையிடக் கூடாது. கேட்கக் கூடாது, ஞாபகப்படுத்தக் கூடாது, திருத்தக் கூடாது. தலையிட்டால் வேலை அவருடையதாகிவிடும். சிவப்புக் கயிறு இல்லை.

“அவர் தப்பாக ஏதாவது கொண்டுவந்தால்?” என்றேன்.

“கொண்டுவரட்டும். அதற்கு நீங்கள் பக்கத்தில் நின்று பொறுப்பேற்பீர்கள். அதுதான் இரண்டாம் படி.”

“முன்கூட்டியே தடுப்பது பொறுப்பில்லையா?”

“நீங்கள் சர்வேயர் அல்லவா, ஐயா. இது எல்லை” என்றார்.

அமாவாசை டிசம்பர் 18, வெள்ளிக்கிழமை. நாலு நாள். தொண்ணூற்றாறு மணி நேரம். வெள்ளிக்கிழமையைக் கடந்தேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மச்சான் வீட்டுக்கு முறுக்கு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

“முறுக்கே இல்லையே வூட்ல” என்றாள் மனைவி.

“கடையில வாங்கிக்கறேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கேக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? பாக்கக் கூடாதுன்னு சொல்லலையாக்கும்.”

மச்சான் வீட்டில் இல்லை, களத்துக்குப் போயிருந்தார். முறுக்குப் பொட்டலத்தைத் திறந்த ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, முருங்கை மரத்தடியில் பார்த்தேன். ஒரு சேவல். காலில் புதுக் கயிறு. கறுப்பும் செம்பட்டையுமாக, கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து, நல்ல எடை. அதன் முன்னால் ஒரு கிண்ணத்தில் கம்பு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கழுத்தில் மஞ்சள் தடவியிருந்தது.

ஆடி மாதம் அவர்கள் குலதெய்வத்துக்குச் சேவல் அறுப்பதை நான் முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அறுத்து, ரத்தத்தைச் சோற்றில் பிசைந்து வீசுவார்கள். பன்னிரண்டு பாடத்தையும் மனதுக்குள் புரட்டினேன். எதற்கும் தீங்கு செய்யாதே என்பது மூன்றாம் பாடம்; நடத்தியிருந்தேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மச்சான் தூங்கிவிட்டார், நான் எழுப்பவில்லை. தோட்டத்துக்காரர் சுத்த சைவம். மாமிசம், முட்டை, சாராயம் வேலிக்குள் வந்தால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்பது குத்தகைப் பத்திரத்தில் பதினோராவது ஷரத்து. அந்தப் பத்திரத்தைப் புதுப்பித்தபோது எழுதிக்கொடுத்தது நான். ஊரைவிட்டுப் போகிற அந்த அம்மாள் கடைசியாகப் பார்க்கப்போவது, வட்டத்தின் நடுவில் என் மச்சான் சேவலின் கழுத்தை அறுப்பதை. அதற்குப் பொறுப்பு நான்.

சொன்னால் சிவப்புக் கயிறு போகும். சொல்லாவிட்டால் தோட்டமே போகும். பஸ்ஸில் எங்கள் வேங்கிக்கால் வருகிறவரை இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். இறங்கும்போது மூன்றாவது வழி கிடைத்தது. சேவலையே வாங்கிவிடுவது. நான் அல்ல, வேறு ஆள்.

எங்கள் பால்காரர் கீழ்பென்னாத்தூர்ச் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வாசலில் பிடித்து, மச்சான் வீட்டு அடையாளம் சொல்லி, அந்தச் சேவலை வாங்கிவரச் சொன்னேன்.

“கறிக்கா சார்?” என்றார்.

“கறிக்கில்ல. வாங்கிட்டு வந்தா போதும். என் பேரச் சொல்லக் கூடாது.”

“எவ்ளோ வரைக்கும் போலாம்?”

“கேக்கற விலைக்கு வாங்கு. பேரம் பேசி நேரத்த வீணாக்காத.” நூற்றைம்பது ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சேவல் எண்பதுக்கு மேல் போகாது. திங்கட்கிழமை காலை பால் கேனுக்குப் பக்கத்தில், கோணிப்பையில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சேவல் வந்தது. “நூத்தைம்பதுக்கு ஒரு பைசா கொறைக்கல சார். வுடாப்பிடி ஆளு” என்றார் பால்காரர்.

பணம் போனாலும் மனம் ஆறியது. பின்பக்கத்தில் சேவலைக் கட்டினேன். மனைவி வந்து பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள்.

“இது எங்க அண்ணன் வூட்டுச் சேவலாச்சே. கொண்ட சாஞ்சிருக்குது பாருங்க.”

“எல்லாச் சேவலுக்கும் கொண்டை சாயும்.”

“மஞ்ச பூசியிருக்குது. சாமிக்கு நேந்து வுட்டது. இத யாரு வித்தாங்க உங்களுக்கு?”

வேறு வழியில்லாமல் எல்லாம் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “நான் எதுக்குச் சொல்றேன் யாருகிட்டயும்” என்றாள். அதோடு விடவில்லை. “அறுக்கக் கூடாது. நேந்து வுட்டத அறுத்தா நம்ம குடும்பத்துக்கு ஆவாது. நீங்கதான் தீனி போடணும்” என்றாள். பிறகு உள்ளே போய் ஐந்து நிமிஷம் சிரித்தாள். பாத்திரச் சத்தத்தை மீறிக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு நான் தோட்டத்து வாசலில் நின்றேன். பனி. எல்லோரும் வந்துவிட்டார்கள். அந்தப் பெண்மணி முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பையிலிருந்து சிவப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. நான் அதைப் பார்க்காதது போலப் பார்த்தேன். ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு மச்சான் வந்தார். வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை, தலையில் ஒரு மூங்கில் கூடை. கூடையின் மேல் ஈரத்துணி. துணி அசைந்தது.

“மச்சான், கூடையில...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். கேட்கக் கூடாது. சூரியன் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. இருபது நிமிஷம் வாயை மூடினால் போதும்.

மச்சான் வட்டத்தைப் பெருக்கினார், பதினாறு இழுப்பு. உப்புத் தண்ணீர் தெளித்தார், ஒரு கை உப்பு. விளக்குகளை ஏற்றினார். மலையைப் பார்த்து நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் திருப்திக்காகவோ என்னவோ, ஆறு டிகிரி வலது பக்கம் திரும்பி இன்னொரு கும்பிடு போட்டார். அந்தப் பெண்மணி எழுந்து நின்று அவரிடம் தமிழில் கேட்டார், வழக்கமான மூன்று கேள்விகள்.

“உங்கள யாரு கூட்டிட்டு வந்தாங்க?”

“என் மாப்ளதாங்க.”

“என்ன கொண்டு வந்தீங்க?”

மச்சான் துணியை எடுத்தார். ஒரு சேவல் அல்ல, இரண்டு. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். பானை வனைகிற அம்மாள் ஒரு அடி பின்னால் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தி எடுக்கிற சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

“எங்க சாமிக்குச் சேவல்தாங்க குடுப்போம், அறுத்து. இங்க பத்து மாசமா வர்றேன், நீங்க ஒரு எறும்பக்கூட ஒதுக்கி வுட்டுத்தான் பெருக்கறீங்க. அதனால உசுரோட வுடலாம்னு கொண்டாந்தேன். இந்தத் தோட்டத்துல பூரான் ஜாஸ்தி, இதுங்க கொத்தித் தின்னுப்புடும். நீங்க சூரியன் வர்றதுக்காகத் தெனம் கடியாரம் வெச்சிட்டு எழுந்திரிக்கறீங்க. இனிமே இது கூவும், அது எழுப்பும்.”

டச்சுக்காரர் குனிந்து சாம்பல் சேவலின் முதுகைத் தடவினார். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு மட்டும் அல்ல. சிவப்புக் கயிறு என் இடுப்பில் இறுகுவதுகூடத் தெரிந்தது.

“மூணாவது. உங்க வேலைய வேற யாராவது செஞ்சாங்களா?”

“யாரும் செய்யலைங்க. ஒண்ணுதான் கொண்டாரணும்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம ஒரு ஆளு வந்து, என் சேவல நூத்தியிருவது ரூபா குடுத்து வாங்கிட்டுப் போனான். அந்தக் காசுல...”

“நூத்தைம்பது!” என்றேன் நான்.

வேப்பமரத்தில் ஒரு காக்கை இருந்தது. அதுவும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

“நூத்தியிருவதுதான் மாப்ள. எண்ணித்தான் வாங்கினேன்” என்றார் மச்சான், மிகவும் மெதுவாக. அவர் கண் என்னைப் பேசாதே என்றது. எனக்கு அது உறைக்கவில்லை.

“நூத்தைம்பது நான் குடுத்தேனே! அப்ப முப்பது ரூபா எங்க?”

வட்டத்தின் நாலு பக்கத்திலும் நாலு பேர் நின்று என்னைப் பார்த்தார்கள். டச்சுக்காரருக்கு யாராவது மொழிபெயர்த்திருக்கத் தேவையில்லை. முப்பது ரூபாயைத் தேடிப் போன மனம் திரும்பி வந்து, நான் எங்கே நிற்கிறேன், எதைச் சொன்னேன் என்று பார்ப்பதற்குள் சூரியன் வந்துவிட்டது. வெள்ளைச் சேவல் கூவியது.

அந்தப் பெண்மணி முதலில் மச்சானுக்கு வெள்ளைக் கயிறு கட்டினார். அவர் இடுப்புக்கு இரண்டு சுற்று போக முடிச்சுக்குத்தான் மிச்சம் இருந்தது. எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். பிறகு என்னிடம் வந்தார். பையிலிருந்து சிவப்புக் கயிற்றை முழுக்க வெளியே எடுத்தார். அவரே சாயம் போட்டிருந்தார். விரல் நுனிகள் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தன. எனக்குக் காட்டினார். திரும்பச் சுருட்டி உள்ளே வைத்தார்.

“அவர் அறுத்துவிடுவார் என்று பயந்தீர்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

“ஆமாம்.”

“பத்து மாதம் நீங்கள்தான் அவரைப் பழக்கினீர்கள். நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியவில்லை.” என் தோளைத் தட்டினார். “முதல் படி சின்ன இடமில்லை, ஐயா. உட்கார வசதியான இடம்.”

மேலதிகாரிகள் சொன்ன எத்தனையோ காரணங்களை என் கோப்பில் வைத்திருக்கிறேன். இது ஒன்றுக்குத்தான் என்னால் மறுப்பு எழுத முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் போனார். நான் பஸ் நிலையம் வரை சென்று, அவர் பெட்டிகளை எண்ணி ஏற்றினேன். ஐந்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்திலிருந்து வெளியே வந்ததும் டீக்கடையில் மச்சானைப் பிடித்தேன்.

“உனக்குத் தெரியுமா, அனுப்பினது நான்தான்னு?”

“பேரம் பேசாம கோழி வாங்கறவன் நம்ம ஜில்லாவுலயே கெடையாது. ஜன்னல்ல முறுக்கு, மறுநாள் பால்காரன். இதுக்குத் திசைகாட்டி வேணுமா?”

“தெரிஞ்சுமா வித்தே?”

“நீ பயந்துட்டேனு தெரிஞ்சுது. பயந்தவன் அனுப்புன காசு, சாமிக்கே சேரட்டும்னு ரெண்டா வாங்கினேன். நான் உன்னக் காட்டிக் குடுத்தனா? ‘ஒரு ஆளு’ன்னுதானே சொன்னேன். நீ வாய மூடிட்டு இருந்தா செவப்பு உன் இடுப்புல இருந்திருக்கும்.” டீயை ஆற்றிக் குடித்தார். “முப்பது ரூபாய்க்கு ஒரு புரமோஷன வித்தவன் ஒலகத்துல நீ ஒருத்தன்தான் மாப்ள.”

பால்காரரைக் கேட்டேன். சைக்கிள் தேய்மானம் என்றார்.

மச்சான் 2001இல் டச்சுக்காரர் கையால் சிவப்புக் கயிறு வாங்கினார். அவர் பழக்கிய ஆள் என் மனைவி. காணிக்கையாக அவள் என்ன கொண்டுபோகிறாள் என்று நாலு நாளும் மச்சான் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு அந்த அதிகாரமே இல்லை. இப்போது நானும் அவளும் ஒரே படியில் இருக்கிறோம். வட்டத்தை முறை வைத்துப் பெருக்குகிறோம். அவளுடைய முறை குறைவாக வருகிறது. எனக்கு எழுபது முடிந்துவிட்டது. டச்சுக்காரர் இரண்டு தடவை கேட்டார், மறுபடி ஒரு ஆளைப் பழக்குகிறீர்களா என்று. நான்தான் வேண்டாம் என்றேன். நாலு நாள் கையைக் கட்டிக்கொண்டிருக்க இன்னும் எனக்கு வராது. வராது என்று தெரிந்துகொண்டது இந்தப் படிக்கான பாடம்.

நேர்ந்துவிட்ட அந்தக் கறுப்புச் சேவலை அறுக்கவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஆயிரத்து நூற்று ஐம்பத்தேழு நாள் இருந்து, தினமும் மூன்றே முக்காலுக்கு என்னை எழுப்பி, 2002 பிப்ரவரியில் தானாகப் போய்ச் சேர்ந்தது. சேவல், பால்காரர் தேய்மானம், பஸ், முறுக்கு, கம்பிவலைக் கூண்டு, நாளுக்கு நாற்பது காசு வீதம் கம்பு எல்லாம் சேர்த்து, கட்டாத அந்தச் சிவப்புக் கயிற்றுக்கு எனக்கு ஆன செலவு எழுநூற்றுப் பதினெட்டு ரூபாய் எண்பது காசு.